பழைய டிரைவில் திறக்காத டிவிடி பிளஸ் ஆர்: சரிசெய்த விதம்

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி பிளஸ் ஆர் (DVD+R) வட்டு, எழுதிய கணினியில் ஒழுங்காகத் திறந்தது. படிக்க மட்டுமே கூடிய பழைய டிவிடி ரோம் டிரைவோ அதைக் காலி வட்டு என்றது. கீறல் எதுவும் இல்லை.

காரணம் ‘புக் டைப்’. வட்டின் உள்வட்டத்தில் அதன் வகையைச் சொல்லும் சிறு குறி அது. பிளஸ் ஆர் 2002இல்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முந்தைய டிரைவுகள் பல அந்தக் குறியைக் கண்டதும் விழிக்கும்.

வட்டு எழுதும் இம்ஜ்பர்ன் (ImgBurn) மென்பொருளில் டூல்ஸ், டிரைவ், சேஞ்ச் புக் டைப் என்று போய், டிரைவ் தயாரிப்பாளரின் தாவலைத் தேர்ந்து, பிளஸ் ஆர் வட்டுகளுக்கு ‘டிவிடி ரோம்’ (படிக்க மட்டுமான வட்டு) என்று குறியை மாற்றினேன். இதை எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டும். எழுதி முடித்த வட்டில் மாற்ற வழியில்லை. எல்லா பர்னரும் (வட்டு எழுதும் டிரைவ்) இதற்கு இடம் தராது. ஒருமுறை எழுதும் இன்னொரு டிவிடி வகையான மைனஸ் ஆரில் (DVD-R) இந்த வசதியே கிடையாது, ஆனால் பழைய டிரைவுகள் அதைப் பெரும்பாலும் படித்துவிடும்.

இன்னொரு சிக்கல் கொள்ளளவு. மைனஸ் ஆர் 4,70,73,19,808 பைட்; பிளஸ் ஆர் 4,70,03,72,992 பைட். மைனஸுக்கு விளிம்புவரை நிரப்பிய இமேஜ் (முழு வட்டின் உள்ளடக்கம் கொண்ட கோப்பு) பிளஸில் அடங்காது. நிரப்பவும் கூடாது: வெளிவிளிம்பில்தான் பிழை அதிகம். 200 எம்பி காலியாக விட்டு, 16 மடங்கு வேகத்துக்குப் பதில் 8இல் எழுதி, வெரிஃபை (எழுதியதைச் சரிபார்த்தல்) செய்ததும் பிழை நின்றது.

தினமும் மாறும் கோப்புகளுக்கு, பலமுறை அழித்தெழுதக்கூடிய டிவிடி ராம் (DVD-RAM) வட்டு தேவலை. அழித்தெழுதும் மற்றொரு வகையான ஆர்டபிள்யூ (RW) வட்டை ஏறக்குறைய 1,000 முறை அழித்தெழுதலாம் என்பார்கள். ராமுக்கு அது 1,00,000. வேகம்தான் ஆமை.