பன்னிரண்டு வருஷம் கழித்து ஃபைல் திறக்குமா?

கும்பகோணத்தில் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும்) கடை வைத்திருப்பவனுக்குப் பன்னிரண்டு என்ற எண்மீது ஒரு பயம் உண்டு. கோயில் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2024இல் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பழைய பத்திரிகையோடு வந்தார். "தம்பி, 2012ல நீங்கதான் அடிச்சுக் கொடுத்தீங்க. அதே மேட்டர்தான். தேதியையும் உபயதாரர் பேரு நாலஞ்சையும் மாத்திக் குடுத்தா போதும்."

சிடி பத்திரமாக இருந்தது, ஃபைலும் இருந்தது. பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அதிலிருந்த தமிழ் எழுத்துருவுக்கு ஒரு லாக் உண்டு, அதைச் செருகினால்தான் எழுத்து வரும். பிரிண்டர் போர்ட்டில் செருகும் தீப்பெட்டி அளவு டப்பா. இன்றைய கணினியில் அந்தப் போர்ட்டே கிடையாது. விற்றவருடைய நம்பர் உபயோகத்தில் இல்லை. 'விநாயகர் துணை' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடுமாகக் கொட்டிக் கிடந்தது. லாக் வாங்கிய ரசீது இன்னும் என் டிராயரில் இருக்கிறது.

காசு கொடுத்துவிட்டால் சொந்தம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நாம் வாங்குவது வயலை இல்லை, குத்தகையை. குத்தகைச் சீட்டை யாரும் படிப்பதில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் கூடவே போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அடோபி 2013இலேயே சந்தா முறைக்குப் போய்விட்டது. சந்தா மென்பொருள் அவ்வப்போது உரிமத்தை இணையத்தில் சரிபார்க்கும். அதன் வலி மன்னார்குடியில் கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக் கணினியைப் போட்டால், அவர் வைத்திருந்த மென்பொருள் 'இணையத்தில் இணையவும்' என்று உட்கார்ந்துவிட்டது. மாதப் பணம் ஒழுங்காகக் கட்டியவர் அவர்.

இதற்கெல்லாம் மருந்து கிராக் காப்பிதான், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிதான் என்பார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது: பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே தொழிலுக்குப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும் என்ற பொருளில் 1998இல் பில் கேட்ஸே பேசியிருக்கிறார். சீனாவைப் பற்றிச் சொன்னது தஞ்சாவூருக்கும் பொருந்தியது. ஐம்பது ரூபாய் சிடியில் போட்டோஷாப்பும் கோரல்டிராவும் பழகிய பையன்கள்தான் இங்கே ஆபரேட்டர்கள். வேறு மென்பொருளுக்கு ஆள் கேட்டால் கிடைக்க மாட்டார்கள். இங்கே திறமூல மென்பொருளை (நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பது) தலையெடுக்க விடாமல் செய்ததில் அந்த சிடிக்குப் பெரிய பங்கு உண்டு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளமும் வந்தது. எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. நானும்தான்.

ஒரு கம்பெனிமேல் கோபம் வந்தால் போட்டிக் கம்பெனிக்குத் தாவுவதும் வழக்கம். பேஜ்மேக்கரை உருவாக்கிய ஆல்டஸை 1994இல் அடோபி வாங்கியது. பின்னால் அடோபியின் இன்டிசைன் வந்ததும் பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றது. கோரல்டிராவைச் செய்த கோரல் கம்பெனியின் கதை இன்னும் ருசியானது. மைக்ரோசாஃப்டோடு மோதிய அந்தக் கம்பெனி 1999இல் சொந்தமாக லினக்ஸே வெளியிட்டது. 2000இல் கோரல்டிராவுக்கும் லினக்ஸ் பதிப்பு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 135 மில்லியன் டாலரைக் கோரலில் போட்டது. மறு வருஷம் லினக்ஸ் பிரிவு கைமாறிவிட்டது. கம்பெனிகள் சண்டை போட்டாலும் சமாதானம் ஆனாலும் நம் ஃபைலைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

அதற்காக ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போடாதீர்கள். முகூர்த்த மாசத்தில் வேண்டவே வேண்டாம். நான் ஆவணியில் அப்படிச் செய்து, மூன்றாம் நாள் பழையதற்கே திரும்பினேன். இன்க்ஸ்கேப் என்ற திறமூல மென்பொருள் டிசைனுக்கு அருமை. ஆனால் அது திரை வண்ணக் கணக்கில் வேலை செய்வது. ஆஃப்செட்டுக்கு நாலு கலர் பிரித்துக் கொடுக்க ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் வேண்டும். அந்த ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகளில் யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் ஒழுங்காக வருகிறது. முதலில் விசிட்டிங் கார்டு, பில் புக் என்று சின்ன வேலையில் பழகுங்கள்.

இலவசம் என்றால் நிபந்தனையே இல்லை என்பதும் தப்பு. திறந்த உரிம எழுத்துருவில் பத்திரிகை அடித்து விற்கலாம். அந்த எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

பெரியவர் ஃபைலுக்கு வருகிறேன். பூட்டு போட்ட சமாச்சாரம், கை வைத்தால் கேஸ் வருமோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. நான் எதையும் உடைக்கவும் இல்லை. லிப்ரே ஆஃபிஸ் டிரா என்ற திறமூல மென்பொருள் 2015லிருந்தே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். பார்டர் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். மேட்டரை எடுத்து, எழுத்துக் குறியீட்டை மாற்றும் என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினேன். 'ஸ்ரீ' வந்த இடமெல்லாம் உதைத்தது. உபயதாரர் பட்டியலைப் பெரியவர் பழைய பத்திரிகையைப் பார்த்து வாசிக்க, நான் சரிபார்த்தேன். முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

இப்போது எந்த வேலை முடிந்தாலும் மேட்டர் தனியாக யூனிகோடில், அச்சுக்குப் போன பிடிஎஃப், எழுத்துரு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுகிறேன். பெரியவர் 2036க்கு என்று பென்டிரைவில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது திரும்பி வந்து, அச்சடித்த பத்திரிகையிலும் ரெண்டு கூடுதலாக எடுத்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.