விளையாட்டுச் சிப்பில் கேசினோ இரவு: சட்டம் பார்க்கும் இரண்டு இடங்கள்

விருந்து மண்டபத்தில் பந்து உருளும் ரூலெட் சக்கரமும் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையும் போட்டு, விருந்தினர் கையில் பணத்துக்குப் பதிலாகப் பந்தயத்தில் வைக்கும் வில்லையான சிப்பைக் கொடுத்து மூன்று மணி நேரம் ஓட்டினால், பார்க்கிறவருக்கு அது சூதாட்ட விடுதி மாதிரியே இருக்கும். அதனால் மட்டும் சிக்கல் வராது. சிப் விருந்தினர் கைக்கு எப்படி வந்தது, ஆட்டம் முடிந்ததும் அது என்னவாக மாறியது என்பதைத்தான் சட்டம் பார்க்கும். "நிஜப் பணமே இல்லையே" என்ற ஒரே பதிலை நம்பி இறங்குகிறவர்கள் மாட்டுவது இந்த இரண்டில் ஒன்றில்தான்.

பல நாடுகளில் ஒன்றைச் சூதாட்டம் என்று சொல்ல மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: பணயம் வைப்பது, முடிவு அதிர்ஷ்டத்தால் அமைவது, ஜெயித்தால் பரிசு கிடைப்பது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் அடிப்படை. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மீதி இரண்டும் பொதுவாகத் தொந்தரவு தராது. கேசினோ இரவில் அதிர்ஷ்டத்தை எடுக்க முடியாது. எனவே பணயத்தையோ பரிசையோ எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

பிரிட்டனில் பணயத்தை எடுத்தால் போதாது. அங்கே 2005-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி, விளையாடுகிறவர் எதையாவது இழக்கும் நிலையில் இருக்கிறாரா என்பது கணக்கே இல்லை. அதிர்ஷ்ட ஆட்டத்தில் பரிசு வெல்லும் வாய்ப்பு இருந்தாலே அது சூதாட்டம். அனுமதி இலவசம், சிப் இலவசம், அதிகம் சேர்த்தவருக்கு மட்டும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என்று வைத்தாலும், அந்தச் சட்டத்தில் விலக்கு ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். பரிசே இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை.

இந்தியாவில் சூதாட்டம் மாநிலங்களின் அதிகாரத்தில் வருகிறது. தமிழ்நாட்டுக்கு 1930-ஆம் ஆண்டு கேமிங் சட்டமும் சென்னைக்கு 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டமும் இருக்கின்றன. இந்தச் சட்டங்களில் கவனிக்க வேண்டியது சூதாட்ட இல்லம் என்பதற்கான வரையறை. இடத்துக்கோ மேசை, சீட்டு, பகடைக்கோ கட்டணம் வாங்கி லாபம் பார்த்தாலும் அந்த வரையறைக்குள் வரலாம். அதனால் டிக்கெட் விற்று, பரிசும் வைத்து, மிச்சத்தைப் பையில் போடும் கேசினோ இரவு இங்கே மிகவும் ஆபத்தானது. கோவாவில் கேசினோ இருக்கிறதே என்று கேட்பார்கள். அது அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்ற இடங்களுக்கு மட்டும். பக்கத்து மாநில விருந்துக்கு அது ஆதாரமாகாது.

சிப் உள்ளே வரும் வழி

பாதுகாப்பான முறை ஒன்றுதான்: வந்தவர் எல்லாருக்கும் ஒரே அளவு சிப், இலவசமாக. செலவை நிறுவனமோ விருந்து கொடுப்பவரோ ஏற்க வேண்டும். அனுமதிக் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்றால், அது சாப்பாட்டுக்கும் இசைக்கும் என்று டிக்கெட்டில் எழுதினால் மட்டும் போதாது. விளையாடாதவரும் அதே தொகைதான் கொடுத்திருக்க வேண்டும், கூடுதலாகக் கொடுத்தவருக்குக் கூடுதல் சிப் போயிருக்கக் கூடாது. "நன்கொடை" என்று பெயர் மாற்றுவதும் பழைய தந்திரம். கொடுக்காதவருக்குச் சிப் கிடையாது என்றால் அது நன்கொடை ஆகாது, விலைதான்.

பெரும்பாலான நிகழ்ச்சிகள் கெடுவது நடு இரவில் சிப் தீர்ந்தவர் பர்ஸை எடுக்கும்போது. "இன்னொரு ஐயாயிரம் கொடுங்க, காசு தர்றேன்" என்பார், மேசையை நடத்தும் டீலரும் வாங்கிவிடுவார். அந்த நொடியிலிருந்து அந்த மேசையில் பணயம் வந்துவிட்டது. பரிசு இல்லையே என்றும் முழுதாகத் தப்பிக்க முடியாது. வாஷிங்டன் மாநிலச் சட்டம் தொடர்பாக 2018-இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது: பணமாக மாற்ற முடியாத கேசினோச் செயலிச் சிப்பும் மதிப்புள்ள பொருள்தான், ஏனென்றால் அது இருந்தால்தான் காசு கொடுக்காமல் தொடர்ந்து ஆட முடியும். அது செயலியைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் மண்டபத்தில் சிப் விற்க நினைப்பவரும் அதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே சிப் தட்டுப்பாடே வராமல் பார்த்துக்கொள்வது சட்டப் பாதுகாப்பிலும் சேர்த்திதான். ஆளுக்கு 5,000 புள்ளி என்று வைத்தால் 100-இல் பத்து, 500-இல் ஆறு, 1,000-இல் ஒன்று என 17 சிப் ஆகும். நூறு பேருக்கு 1,700. ஆறு மேசைகளில் டீலர் தட்டுக்கு இருநூறு வீதம் 1,200. ஆக மூவாயிரம் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ரூலெட்டுக்கு ஆளுக்கொரு நிறத்தில் தனிச் சிப் வேண்டும். எட்டு நிறம், நிறத்துக்கு 75. நான்கு பிளாக்ஜாக் மேசையில் ஏழு ஏழு பேர், இரண்டு ரூலெட்டில் எட்டு எட்டுப் பேர் என்றால் 44 இடம். ஒரே நேரத்தில் நூறு பேரும் ஆட வர மாட்டார்கள், அது போதும்.

தீர்ந்துபோனவருக்கு இரண்டாவது முறையும் இலவசமே. அழைப்பிதழோடு சிப் வாங்கிக்கொள்ள இரண்டு சீட்டு கொடுத்துவிட்டால் கேள்வியே வராது. கருவிகளை வாடகைக்குத் தருபவரிடம் ஒரே பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தைக் கேளுங்கள். அதில் பந்தயத்தில் சராசரியாக மேசைக்குப் போகும் பங்கு 2.7 சதவீதம், இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 5.26. முதல் ஒரு மணி நேரம் பந்தய உச்சவரம்பை 500-இல் நிறுத்தினால் சிப் இன்னும் நீண்ட நேரம் தாங்கும்.

சிப் வெளியே போகும் வழி

கடைசியில் சிப்பை எண்ணி, முதலிடத்துக்குச் செல்பேசி கொடுப்பதுதான் எல்லாருக்கும் பிடித்த முறை, சட்டத்துக்கு அதிகம் இடம் கொடுக்கும் முறையும் அதுதான். சிப்புக்கு ஏற்பக் குலுக்கல் சீட்டு கொடுப்பதால் இது மாறாது. பரிசுக்குப் போகும் வழி கொஞ்சம் சுற்றி வளைகிறது, அவ்வளவுதான். அது போதாதென்று, லாட்டரிச் சட்டமும் உள்ளே வரலாம். பரிசு கட்டாயம் வேண்டுமென்றால், ஆட்டத்தோடு முடிச்சுப் போடாமல், இலவசமாக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சீட்டு என்று குலுக்கலைத் தனியாக நடத்துங்கள். சிப் அதிகம் சேர்த்தவருக்கு மேடையில் கைதட்டலும் ஒரு காகிதக் கிரீடமும் போதும். உண்மையில் கூட்டம் சிரிப்பதும் அதற்குத்தான்.

தொண்டு அமைப்புக்காக நிதி திரட்டும்போது சில இடங்களில் தனி வழி உண்டு. பிரிட்டனில் வணிக நோக்கமில்லாத பரிசு ஆட்டம் என்ற பிரிவில் நடத்தலாம்: பணம் எதற்குப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், பரிசுகளை முன்பே அறிவிக்க வேண்டும், வந்தவர் எண்ணிக்கையையோ வசூலையோ பொறுத்துப் பரிசு மாறக் கூடாது, நியாயமான செலவு போக மீதி யார் சொந்தப் பைக்கும் போகக் கூடாது. கலிஃபோர்னியாவில் பதிவு செய்த தொண்டு அமைப்பு ஆண்டுக்கு ஒரு முறை நடத்தலாம்; மொத்த வசூலில் குறைந்தது 90 சதவீதம் நேரே அமைப்புக்குப் போக வேண்டும், ரொக்கப் பரிசு கூடாது, ஒரு பரிசு 500 டாலரையும் எல்லாம் சேர்ந்து 5,000 டாலரையும் தாண்டக் கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடத்தக் கூடாது. ஓர் ஊரின் விதியைப் படித்துவிட்டு இன்னோர் ஊரில் நடத்தக் கூடாது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

பொருட்களில் வரும் தொல்லை

விளையாட்டு நோட்டு அச்சடிப்பவர்கள் உண்மை நோட்டைப் போலவே வடிவமைக்க ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். இந்தியாவில் நோட்டைப் போன்ற தாளை அச்சடிப்பதே பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 182-ஆவது பிரிவில் குற்றம். அமெரிக்காவில் டாலரின் படத்தை அச்சிட்டால் ஒரு பக்கம் மட்டும், அளவு உண்மை நோட்டின் முக்கால் பங்குக்குக் குறைவாகவோ ஒன்றரை மடங்குக்கு மேலாகவோ இருக்க வேண்டும். பணக்குறி எதுவும் போடாமல், நிறுவனச் சின்னத்தோடு "பணமதிப்பு இல்லை" என்று அச்சிட்டுவிட்டால் கதை முடிந்தது.

காசு போட்டு ஆடும் ஸ்லாட் எந்திரத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லும் சட்டங்கள் பல இடங்களில் உண்டு. ரூலெட் சக்கரத்தை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதிலும் அமெரிக்காவில் கவனம் வேண்டும்: சூதாட்டக் கருவிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் 1951-ஆம் ஆண்டு ஜான்சன் சட்டத்தின் வரையறையில் ரூலெட் சக்கரமும் பெயர் சொல்லியே இருக்கிறது. உள்ளூரில் வாடகைக்குத் தருபவரிடம் எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

நிகழ்ச்சிக்கு முன்னும் அன்றும்

முதலில் மண்டபக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குறிப்பாக அங்கே மதுக்கூட உரிமம் இருந்தால். மண்டபத்தில் சூதாட்டம் நடந்ததாகப் புகார் போனால் அவருடைய உரிமமும் ஆபத்தில் மாட்டும். அதனால் கடைசி நிமிடத்தில் மேசையைத் தூக்கச் சொல்லிவிடுவார். பிறகு உள்ளூர் உரிம அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ ஒரு பக்கக் கடிதம்: தேதி, இடம், அழைக்கப்பட்டவர்கள் யார், சிப் எப்படிக் கொடுக்கப்படுகிறது, விற்பனை இல்லை, சிப்புக்குப் பதிலாக எதுவும் தரப்படாது. கருவிகளை வாடகைக்குத் தருபவர் "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

அழைப்பிதழில் "ஜெயித்துச் செல்லுங்கள்", "ரொக்கம்" போன்ற சொற்கள் வேண்டாம். வழக்கு என்று வந்தால் முதலில் எடுத்துக்காட்டப்படுவது அதுதான். டீலர்களிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள்: மேசையில் பணம் வாங்கக் கூடாது, டிப்ஸ் கிண்ணம் வைக்கக் கூடாது, விருந்தினர் தங்களுக்குள் நிஜப் பணத்தில் பந்தயம் கட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். மூன்றாவதுதான் நடப்பது, அதுவும் கடைசி அரை மணி நேரத்தில். அந்த நேரத்துக்கு மேற்பார்வையாளர் ஒருவர் மேசைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்க வேண்டும், மேடைப் பக்கம் போய்விடக் கூடாது.

முடிந்ததும் சிப்பை எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள். கடிதத்தின் நகல், மண்டபச் சம்மதம், செலவுக் கணக்கு, சிப் வாடகைச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.