வயலின் பிடிக்கும் கைக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தருவது எப்படி?

இங்கிலாந்தில் ஓர் இசைப் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறேன். சேர்ந்த மூன்றாவது வாரம், செல்லோ (வயலின் மாதிரியே, ஆனால் பெரிய வாத்தியம்) வாசிக்கும் 12 வயதுப் பெண் ஒருத்தி நெட்பால் (கூடைப்பந்து மாதிரி கையால் எறிந்து பிடித்து ஆடுவது) பிடிக்கப் போய் மோதிர விரலில் அடி வாங்கிக்கொண்டாள். அவள் அம்மா போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் மாற்றிக்கொண்ட முறை இது. வார்ம்-அப் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

1. பிள்ளைகளின் இசை அட்டவணையை வாங்கிப் பாருங்கள். கச்சேரியோ கிரேடு தேர்வோ உள்ள வாரத்தில் ஓட்டமும் கோல்கீப்பர் இல்லாத கால்பந்தும் போதும்.

2. நெட்பாலில் 11 வயதுக்குக் கீழே 4-ஆம் அளவுப் பந்து, மேலே 5. பிள்ளை யாராக இருந்தாலும் நான் ஸ்பாஞ்சுப் பந்தில்தான் தொடங்குவேன். 5-ஆம் அளவு 400 கிராமுக்குக் குறையாது. ஜனவரிக் குளிரில் விறைத்த விரலுக்கு அது கல்.

3. நான் சறுக்கிய இடம் இதுதான். ‘விரலை விரி, விரலை விரி’ என்று கத்திக்கொண்டிருந்தேன். பயந்த பிள்ளை விரித்த விரலை விறைப்பாக முன்னே நீட்டும், கண்ணையும் மூடிக்கொள்ளும். பந்து நேராக நுனியில் இடிக்கும். ‘கை பத்திரம்’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு.

அதனால் முதல் இரண்டு வகுப்பில் உள்ளங்கைக்கே வேலை இல்லை. முன்கைகளால் பந்தை நெஞ்சோடு அணைக்க வேண்டும், அவ்வளவுதான். கண் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அப்புறம் கை: உயரே வரும் பந்துக்கு விரல் நுனி வானத்தைப் பார்க்கட்டும், தாழ வந்தால் தரையை. விரல் நுனி பந்தை நோக்கி நீளவே கூடாது. பட்டதும் முழங்கை மடங்கிக் கை உள்ளே வர வேண்டும்.

இதைச் சத்தத்தை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘பட்’டென்று அறைந்தால் கை விறைப்பு, ‘பொத்’தென்று அமுங்கினால் சரி. பத்து நாள் வாயால் விளக்கியும் ஏறாதது, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து ஜோடி பிடிப்பதைக் கேட்கவைத்ததும் ஏறிவிட்டது.

4. அடிபட்டால் சொடக்கு எடுக்கிறேன் என்று விரலை இழுக்காதீர்கள். துணி சுற்றிய ஐஸ் வையுங்கள். நுனி தொங்கித் தானாக நிமிராவிட்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள், தசைநார் அறுந்திருக்கலாம். அப்படியானால் 6 முதல் 8 வாரம் கட்டோடு இருக்க வேண்டிவரும்.

பின்சேர்க்கை: கிட்டார் பிள்ளைகளை மறந்துவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். கிளாசிக்கல் கிட்டார் வாசிப்பவர்கள் வலக்கை நகத்தை வளர்த்து, அரம் போட்டு வைத்திருப்பார்கள். நெட்பால் விதியோ நகம் குட்டையாக இருக்க வேண்டும் என்கிறது. நகத்தை வெட்டச் சொல்லி ஒரு பையனிடம் ஒருமுறை வாய்விட்டேன். அவன் பார்த்த பார்வைக்கப்புறம் கிட்டார்காரர்களை ஓட மட்டும் விடுகிறேன்.