கார் விலையை மெயிலிலேயே பேசி முடிப்பது எப்படி?

முதல் கார் வாங்கியபோது, விலையைக் குறைத்துவிட்ட பெருமையோடு ஷோரூமை விட்டு வெளியே வந்தேன். வீட்டில் பில்லை எடுத்துப் பார்த்தால், பெயின்ட் கோட்டிங், சீட் கவர், கூடுதல் வாரண்டி என்று நான் குறைத்ததைவிட அதிகமாக ஏற்றியிருந்தார்கள். ஏமாற்றினார்கள் என்றும் சொல்ல முடியாது. எல்லாத் தாளிலும் என் கையெழுத்துதான். மூன்று மணி நேரம் உட்கார்ந்த களைப்பில் எங்கே போடச் சொன்னாலும் போட்டிருப்பேன்.

அடுத்த காரை மெயிலில் பேசித்தான் வாங்கினேன். எனக்குப் பேரம் பேசும் வாய் கிடையாது, மெயிலுக்கு அது தேவையும் இல்லை. பதிலை நாளைக்கு எழுதலாம், சொன்ன விலை எழுத்தில் நிற்கும், ஒரே நேரத்தில் ஐந்து டீலர்களிடம் பேசலாம். முதல்முறை வாங்குபவர்களுக்காக அந்த வழியை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கார் என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள்

மாடல், வேரியண்ட், எஞ்சின், கியர் வகை, நிறம் எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு வேரியண்டுக்கு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது. நிறத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். டீலர்கள் பெரும்பாலும் கடனில்தான் கார்களை வாங்கி நிறுத்துகிறார்கள். விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வட்டி ஓடும். யாரும் கேட்காத நிறம் உங்களுக்குப் பரவாயில்லை என்றால் விலை இறங்க வாய்ப்பு அதிகம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் நேரில் போயே ஆகவேண்டும். பின்சீட்டிலும் உட்கார்ந்து பாருங்கள். விலைப் பேச்சு எடுத்தால், "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

படி 2: முதல் மெயில்

இதற்கென்றே புது மெயில் ஐடி ஒன்று தொடங்குங்கள். போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மெயிலுக்குப் பதில் வராது, போன்தான் வரும். டீலரின் பொது முகவரியைவிட விற்பனை மேலாளரின் முகவரி கிடைத்தால் நல்லது. நான்கைந்து டீலர்களுக்குத் தனித்தனியாக இப்படி எழுதலாம்:

"வணக்கம். (மாடல், வேரியண்ட், நிறம்) வாங்க இருக்கிறேன். ஓட்டிப் பார்த்துவிட்டேன். இந்த மாதத்துக்குள் முடிக்க எண்ணம். வரி, பதிவு, காப்பீடு, உங்கள் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து, சாவி என் கைக்கு வரும்வரை ஆகும் மொத்தத் தொகையை இனவாரியாகப் பிரித்து அனுப்புங்கள். துணைப்பொருட்கள் எதுவும் வேண்டாம். கார் ஸ்டாக்கில் இருக்கிறதா, எந்த மாதம் தயாரானது என்பதையும் சொல்லுங்கள். வேறு டீலர்களிடமும் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் உதவியாக இருக்கும். மெயிலில் மட்டும் பேச விரும்புகிறேன்."

இவ்வளவு போதும். எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள், எந்த நிறத்துக்காக ஏங்குகிறீர்கள் என்பதெல்லாம் வேண்டாம். மாதக் கடைசியில், அதைவிடக் காலாண்டுக் கடைசியில், பேச்சு முடியும்படி தொடங்குங்கள். இத்தனை கார் விற்றால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று தயாரிப்பாளர்கள் டீலருக்கு இலக்கு வைப்பதுண்டு. இலக்குக்கு ஒன்றிரண்டு கார் குறைகிற டீலருக்கு, உங்கள் காரில் லாபம் குறைந்தாலும் கணக்கு சரியாகிவிடும்.

படி 3: பதில்களைப் படிப்பது

சிலர் பதிலே போட மாட்டார்கள். சிலர், "நேரில் வாங்க, நல்ல விலை தர்றோம்" என்பார்கள். மொத்தத் தொகை எழுத்தில் வேண்டும் என்று ஒருமுறை கேளுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது மூன்றாவது வகைக்கு: "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" கேட்க இதமாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். 1,00,000 கடன், ஆண்டுக்கு 9 சதவீதம், கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி. 60 மாதம் என்றால் தவணை சுமார் 2,076. அதையே 84 மாதமாக நீட்டினால் சுமார் 1,609. மாதம் 467 மிச்சம் போலத் தெரியும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 10,500க்கு மேல் கூடிவிடும். கார் விலை ஒரு காசுகூடக் குறையவில்லை. அதனால் கடன் பேச்சை விலை முடிந்த பிறகு எடுங்கள், அதற்குள் உங்கள் வங்கியின் வட்டியையும் கேட்டு வையுங்கள். பழைய காரை மாற்றிக் கொடுப்பதும் அப்படியே. இரண்டையும் ஒன்றாகப் பேசினால், புதுக் காரில் குறைத்ததைப் பழைய காரில் பிடித்துக்கொள்வார்கள்.

வந்த விலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வரி யாரிடம் வாங்கினாலும் வரிதான். கார் விலை, தள்ளுபடி, காப்பீடு, "கையாளும் கட்டணம்" போன்ற புரியாத பெயர்கள், இவற்றில்தான் வித்தியாசம் இருக்கும். புரியாத ஒவ்வொன்றுக்கும், "இது எதற்கு, கட்டாயமா?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். சிலது அந்தக் கேள்விக்கே காணாமல் போகும்.

படி 4: இரண்டாவது சுற்று

குறைந்த விலையை மற்றவர்களிடம் சொல்லுங்கள்: "இதே காருக்கு மொத்தம் இவ்வளவு என்று எழுத்தில் வந்திருக்கிறது. இதைவிடக் குறைக்க முடிந்தால் உங்களிடம் வாங்குகிறேன்." டீலர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வராத விலையை வந்ததாக எழுதாதீர்கள். "கொட்டேஷனைக் காட்டுங்கள்" என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் இழுத்தால் பதில் நின்றுவிடும். விலையில் சிறு வித்தியாசம்தான் என்றால், கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்ன டீலரிடமே நான் வாங்குவேன். சர்வீஸ் என்றும் நம்பர் பிளேட் என்றும் பிறகும் அவரிடம் போகவேண்டியிருக்கும்.

படி 5: பணம் கட்டும் முன்

முடிவான மொத்தத் தொகை, காரின் சேசிஸ் எண், தயாரித்த மாதமும் ஆண்டும், டெலிவரி தேதி, முன்பணம் திரும்பக் கிடைக்குமா, இத்தனையும் ஒரே மெயிலில் வரட்டும். அதை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். சேசிஸ் எண் என்பது ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண், பொதுவாக எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்டது. காரில் இருப்பதோடு ஒன்றுவிடாமல் ஒப்பிடுங்கள். டயர் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீடு இருந்தால் அதன் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் தயாரான டயர். போன வாரம்தான் வந்த கார் என்று சொல்லி, டயர் ஒன்றரை வருடப் பழசாக இருந்தால் காரணம் கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் மேசையில் மெயிலில் இல்லாத ஒரு வரி இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அச்செடுத்த தாளை நீட்டுங்கள். "எல்லோருக்கும் போடுவதுதான்" என்பார்கள். "எனக்கு எடுத்துவிடுங்கள்" என்றால் போதும்.

கார் வீட்டுக்கு வந்ததும் மற்ற டீலர்களுக்கு, "வேறிடத்தில் வாங்கிவிட்டேன், நன்றி" என்று இரண்டு வரி போடுங்கள். "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் குறைச்சிருப்போமே" என்று யாராவது பதில் எழுதுவார். எனக்கும் வந்தது. முதல் மெயிலில் கேட்டது அதைத்தானே என்று சிரித்துவிட்டு மூடிவைத்தேன்.