இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்து போர்ட்ஃபோலியோ சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குமரி மாவட்டத்திலிருந்து

நாகர்கோவிலைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகள். படித்து வெளியே வருகிற பிள்ளைகளில் பலருக்கு வெப் டிசைன் கைவந்த வேலை. சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று போகாமல் ஊரிலேயே இருந்து ப்ரீலான்ஸாகப் பிழைக்க நினைப்பவர்களுக்கு முதலில் எதிரே வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு முன்னாடி செஞ்சது ஏதாவது இருந்தா காட்டு." காட்ட ஒன்றும் இருக்காது. இப்படிக் காட்டுவதற்குச் சேர்த்து வைக்கிற வேலைத் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. அதனால் இரண்டு மூன்று பேருக்குச் சும்மா செய்து கொடுத்து, அதைக் காட்டி வேலை பிடிக்கலாம் என்று இறங்குகிறார்கள்.

நல்ல வழிதான் அது. ஆனால் அந்த வழியில் போய் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, காட்டுவதற்கு ஒரு லிங்க்கூட இல்லாமல் நிற்பவர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமைக்குக் குறைவில்லை. காசு வாங்காத வேலை என்பதாலேயே அதை வேலையாக நடத்தாமல் விட்டார்கள். பணம் இல்லாவிட்டாலும் இந்த வேலையில் உங்களுக்குக் கூலி உண்டு: நெட்டில் உயிரோடு இருக்கிற ஒரு சைட், அதை நிஜமாகவே பயன்படுத்துகிற ஒரு ஆள், அவர் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்கிற நல்ல வார்த்தை. இந்த மூன்றும் கைக்கு வராவிட்டால் உழைப்பு வீண்.

கேட்டவருக்கெல்லாம் செய்வது

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இலவச வெப்சைட் செய்து தரப்படும்" என்று போட்டதும் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேருக்கு வெப்சைட் தேவையே இல்லை. சும்மா கிடைக்கிறதே என்று கேட்பார்கள், பிறகு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். யாரும் பார்க்காத சைட்டைக் காட்டி அடுத்த வேலையை எப்படிக் கேட்பது?

நீங்களே தேடிப் போய் ஆளைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு அளவுகோல் போதும்: முன்பின் தெரியாத ஆள் தேடி வந்தால்தான் இவருக்கு வியாபாரமா? வடசேரியில் கோயில் நகை செய்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில். வாங்குபவர்களில் பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் நிறைய. அவர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவருக்கு சைட் வேண்டும். திற்பரப்பு அருவிக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கும், மார்த்தாண்டம் பக்கம் தேன் எடுத்து பாட்டிலில் அடைத்து விற்கிறவருக்கும் வேண்டும். தெருமுனை டீக்கடைக்கு வேண்டாம். அந்த அண்ணாச்சிக்கு கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்து, நேரமும் போட்டோவும் போட்டுக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்குக் காசும் இல்லை.

கமிட்டிகளிடம் தனியாகக் கவனம் வேண்டும். நம்ம ஊரில் கோயில் கொடைக் கமிட்டி, பங்குத் திருவிழாக் கமிட்டி, பழைய மாணவர் சங்கம் என்று யாராவது வந்து, "மக்ளே, நம்ம ஊருக்கு ஒரு சைட் போட்டுத் தா" என்பார்கள். மறுக்க மனசு வராது. ஆனால் அங்கே முடிவு சொல்ல ஒரே ஆள் என்று இருக்க மாட்டார். தலைவர் நீலம் என்பார், செயலாளர் காவி என்பார், அடுத்த வருஷம் கமிட்டியே மாறிவிடும். ஊருக்குச் செய்ய ஆசை இருந்தால் சேவையாகச் செய்யுங்கள், நல்ல காரியம். அதைப் போர்ட்ஃபோலியோ கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

எத்தனை செய்வது? இரண்டு அல்லது மூன்று, மூன்றும் மூன்று வகைத் தொழிலாக. அதற்கு மேல் வேண்டாம். நன்றாக ஓடுகிற ஜவுளிக்கடையோ மருத்துவமனையோ "உனக்கும் ஒரு விளம்பரம்தானே" என்று இலவசமாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொடுக்க வசதி உள்ளவரிடம் சும்மா செய்து பழகினால், அவரைப் போன்ற இன்னொருவரிடம் கூலி கேட்க வாய் வராது.

எல்லை போடாமல் தொடங்குவது

பெரும்பாலான இலவச வேலைகள் கெட்டுப்போவது இங்கேதான். காசு இல்லையே, எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று வாய்ப்பேச்சிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பிறகு "ஒரு சின்ன மாற்றம்", "இன்னொரு பக்கம்", "என் மச்சான் சொன்னாரு, லோகோவும் மாத்திடலாம்" என்று இழுத்துக்கொண்டே போகும். காசு கொடுப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யோசிப்பார். கொடுக்காதவருக்கு யோசிக்கக் காரணமே இல்லை.

இதற்கு ஒப்பந்தப் பத்திரமெல்லாம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு மெசேஜ் போதும். ஹோம்ஸ்டே வேலைக்கு இப்படி அனுப்பலாம்:

"அண்ணாச்சி, நாம பேசினபடி சைட்டில் 4 பக்கம்: முகப்பு, அறைகள், வரும் வழி, தொடர்பு. போட்டோவும் வாடகை விவரமும் 10-ஆம் தேதிக்குள்ள நீங்க தரணும். வந்துட்டா 25-ஆம் தேதி சைட் ரெடி. திருத்தம் 2 தடவை செய்து தருவேன். டொமைன் (சைட்டோட பெயர்), ஹோஸ்டிங் (சைட்டை நெட்டில் வைக்கிற இடம்) செலவு உங்களோடது. டிசைன் கூலி 15,000 ரூபாய். என்னோட முதல் வேலைங்கிறதால அதை நான் வாங்கல. முடிஞ்ச பிறகு வர்ற மாற்றத்துக்கு தனியா பேசிக்கலாம். இது நான் செஞ்ச வேலைன்னு மத்தவங்ககிட்ட காட்டிக்கிறேன். சரின்னா ஒரு ஓகே போடுங்க."

இதில் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று, அவர் தர வேண்டியதற்கும் தேதி. முக்கால்வாசி இலவச சைட்டுகள் போட்டோ வராமலேயே பாதியில் நிற்கின்றன. சீசன் பார்த்துத் தேதி வையுங்கள். ஓணம் நெருங்கும்போது தோவாளை பூ வியாபாரியிடம் போய் விவரம் கேட்டால் கிடைக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரிக்கு வந்து குவியும்போது லாட்ஜ்காரரைப் பிடிக்க முடியாது. அவர்கள் கை ஓய்ந்த மாதத்தில் தொடங்குங்கள்.

மற்றொன்று அந்த 15,000. உங்கள் விலை எதுவோ அதை எழுதுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள். வேலை முடிந்ததும் பில் ஒன்றும் கொடுங்கள்: டிசைன் கூலி இவ்வளவு, தள்ளுபடி இவ்வளவு, தர வேண்டியது பூஜ்யம். நம்ம மாவட்டம் சின்னது. மார்த்தாண்டத்தில் ஒருவருக்குச் செய்தால் தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் பேச்சு போய்விடும். "அவன் சும்மாதான் செஞ்சு தந்தான்" என்று போகிற பேச்சு உங்கள் அடுத்த மூன்று வாடிக்கையாளரையும் சும்மாவுக்கே கூட்டி வரும். "பதினஞ்சாயிரம் ஆகிற வேலை, எனக்கு வாங்கல" என்று போனால் வருகிறவர் பதினைந்தாயிரத்தை மனசில் வைத்துக்கொண்டு வருவார். (ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் பில்லில் அந்த வரியைக் காட்டக் கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.)

டொமைனை உங்கள் பெயரில் வாங்குவது

அன்பினால் செய்கிற தவறு இது. "ஆயிரம் ரூபாய்தானே, நானே போட்டுக்கிறேன்" என்று உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் டொமைன் வாங்கிவிடுவீர்கள். அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வருகிற தகவல் உங்களுக்குத்தான் வரும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் வருஷத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பது வழக்கம். அப்போது நீங்களும் கட்ட மாட்டீர்கள், அவரும் கட்ட மாட்டார். டாட் காம் டொமைன் காலாவதியானால் பொதுவாகச் சில வாரம் சாதாரண விலைக்கே புதுப்பிக்க விடுவார்கள். அதையும் விட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதையும் தாண்டினால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் ஓட்டினால், விசிட்டிங் கார்டில் அதை அச்சடித்து வைத்திருக்கும் தேன்கடைக்காரரின் பெயரும் கெடும், அவருக்கு சைட் செய்த உங்கள் பெயரும் கெடும்.

முதல் நாளே அவர் ஈமெயிலில், அவர் பணத்தில் வாங்க வையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். பாஸ்வேர்டை அவர் வீட்டு டைரியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு செலவு ஒரு சோதனையும்கூட: டொமைனுக்கு ஆயிரம் ரூபாய் போடத் தயங்குகிறவர் சைட்டைப் பயன்படுத்தப் போவதில்லை. நாலு பக்கச் சாதாரண சைட்டுக்கு கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்றவை இலவச ஹோஸ்டிங் தருகின்றன. வணிகப் பயன்பாட்டுக்கு என்ன விதி என்பதை அவர்கள் பக்கத்தில் ஒருமுறை படித்துவிட்டுச் சேருங்கள்.

வேர்ட்பிரஸில் (சைட் கட்ட உதவும் மென்பொருள்) செய்கிறீர்களா? காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமின் (தயார் வடிவமைப்பின்) திருட்டுப் பிரதியைப் போடவே போடாதீர்கள். அவற்றில் பலவற்றுக்குள் வேண்டாத நிரல் ஒளிந்திருக்கும். அப்டேட்டும் வராது.

எப்படி இருந்தாலும், சைட் வெளியான அன்றே எல்லாப் பக்கங்களையும் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு நிமிஷ ஸ்கிரீன் வீடியோவும் பதிவு செய்து வையுங்கள். நாளைக்கு அவர் சைட்டை மாற்றினாலும் மூடினாலும் உங்கள் வேலை உங்களிடம் இருக்கும்.

உங்களுக்குப் பிடித்த சைட்டைச் செய்வது

முகப்பில் கடல் அலை வீடியோ, உருட்ட உருட்டப் பறந்து வரும் எழுத்து: டிசைனர் நண்பர்கள் கைதட்டுவார்கள். ஹோம்ஸ்டே தேடுகிற குடும்பமோ பேச்சிப்பாறை ரோட்டில், சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில், போனில் திறந்து பார்க்கும். போனில் எடுத்த போட்டோ ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அதை அப்படியே ஏற்றாமல் அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவில் மாற்றினால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும். சைட் திறக்கிற வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டுப் பாருங்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அந்த மதிப்பெண்ணை அடுத்த வாடிக்கையாளரிடம் அங்கேயே திறந்து காட்டலாம்.

தமிழ் எழுத்தில் கவனம் வைக்கிறவர்கள் குறைவு. இங்கிலீஷ் டெம்ப்ளேட்டில் தமிழை அப்படியே ஒட்டினால் மூன்று இடத்தில் உடையும். வரி இடைவெளி போதாமல் மேல் வரியின் "கு", "பூ" வாலும் கீழ் வரியின் "கீ" கொம்பும் ஒன்றோடொன்று இடிக்கும், வரி உயரத்தை எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். "தொடர்புக்கு" என்று முடிக்க வேண்டிய பட்டனில் "எங்களைத் தொடர்பு கொள்ள" என்று எழுதினால் இரண்டு வரியாக மடங்கி மெனுவே குலைந்துவிடும். மூன்றாவது, அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்த நோட்டீஸ் வாசகம். அதை ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், எல்லாக் கருவியிலும் தெரிகிற பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. களியக்காவிளை தாண்டி வருகிற கேரளத்து விருந்தினர்தான் அதிகம் என்றால் மலையாளத்திலும் ஒரு பக்கம் போடுங்கள்.

வாட்ஸ்அப் பட்டனை வைத்ததும் வேறொரு போனிலிருந்து அழுத்திப் பாருங்கள். லிங்க்கில் எண்ணை 91-இல் தொடங்கிக் கொடுக்க வேண்டும். முன்னால் 0-வோ கூட்டல் குறியோ போடக் கூடாது. தேன், நேந்திரங்காய் சிப்ஸ் என்று சாப்பிடுகிற பொருள் விற்கும் சைட்டானால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 14 இலக்க உரிம எண்ணைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

படங்களைக் கூகுளில் எடுத்துப் போடாதீர்கள். திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கும் படம் யாரோ ஒருவர் விடியற்காலையில் எழுந்து போய் எடுத்தது; பதிப்புரிமை அவருடையது. நீங்களே போய் எடுங்கள். கெம்புக் கல் பதித்த நகையை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கல் முழுக்க வெள்ளைத் திட்டாகிவிடும். காலை வெளிச்சம் வருகிற ஜன்னலோரம் கறுப்புத் துணி விரித்து, போனை அசையாமல் வைத்து எடுத்தால் சிவப்பும் தங்கமும் தனித்தனியாகத் தெரியும்.

முடித்ததும் நழுவிவிடுவது

சைட் வெளியான சந்தோஷத்தில் கருத்துக் கேட்க மறந்துவிடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள்: இதைப் பார்த்து யாராவது கூப்பிட்டார்களா, முன்பு போனில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்த எதை இப்போது சொல்ல வேண்டியதில்லை? "ரூமுக்கு வழி கேட்டு வர்ற போன் நின்னு போச்சு" என்று அவர் சொன்னால் அதை அப்படியே, அவர் அனுமதியோடு போடுங்கள். "மிக அருமையான சேவை" என்று நீங்களே எழுதி அவர் பெயரைப் போடுவதை யாரும் நம்புவதில்லை.

போர்ட்ஃபோலியோவில் படத்தை மட்டும் அடுக்காமல், அவருக்கு என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன மாறியது என்று ஐந்தாறு வரி எழுதுங்கள். நடக்காத எண்ணிக்கையைச் சேர்க்காதீர்கள். வாடிக்கையாளர் இல்லாமல் பழகச் செய்த சைட்டையும் வைக்கலாம், "மாதிரி" என்று மேலேயே எழுதிவிட்டு. உரிமை விஷயமும் தெரிந்திருக்கட்டும்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர் செய்த படைப்பின் உரிமை பொதுவாக முதலில் அவருக்கே. அதை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாடிக்கையாளர் தந்த போட்டோவும் லோகோவும் உங்களுடையவை அல்ல. அதனால்தான் காட்டிக்கொள்கிறேன் என்பதை முதல் மெசேஜிலேயே கேட்டு வைக்கச் சொன்னேன்.

முதல் வருஷம் முடிந்து டொமைன் புதுப்பிக்கும் நேரம் வரும்போது அவரிடம் மறுபடி போங்கள், இந்த முறை ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகையோடு: வாடகை மாறினால் திருத்துவது, புதுப் போட்டோ ஏற்றுவது, அப்டேட், மாதம் ஒரு பேக்கப். சைட்டால் பலன் கண்டவர் பெரும்பாலும் சம்மதிப்பார். உங்கள் முதல் சம்பளம் இலவசமாகச் செய்த அதே வீட்டிலிருந்தே வரலாம். அதற்குள் நாலாவது ஆள் இலவசம் கேட்டு வந்தால், அந்தப் பூஜ்யத் தொகை பில்லின் நகலை எடுத்துக் காட்டி, மேலே இருக்கிற தொகையைச் சொல்லி, பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.