செயற்கைக்கோள் மழையளவை மழைமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது எப்படி?

செயற்கைக்கோள் மழையை நேரடியாக அளப்பதில்லை. அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கிறது. நுண்ணலைக் கருவியோ, கடற்பரப்பின் மேல் மழைத்துளிகள் உமிழும் கதிர்வீச்சையும், நிலப்பரப்பின் மேல் பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகள்கள் கதிர்வீச்சைச் சிதறடிக்கும் அளவையும் பதிவு செய்கிறது. இவற்றை வைத்துத் தரையில் எத்தனை மில்லிமீட்டர் பெய்திருக்கும் என்பதை ஒரு கணிப்பு முறை மதிப்பிடுகிறது. எனவே அந்த மதிப்பீட்டை ஒரு பகுதியில் பயன்படுத்துவதற்கு முன் தரை அளவுகளோடு ஒப்பிட்டாக வேண்டும். எனினும், ஒப்பீட்டில் தெரியும் வேறுபாடு முழுவதும் செயற்கைக்கோளின் பிழை அன்று. கணிசமான பகுதி நாம் ஒப்பிட்ட முறையிலிருந்தே பிறக்கிறது. அதனால் இங்கே சூத்திரங்களைவிட, அவற்றுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் தரப்பட்டுள்ளது.

தரவைத் தேர்ந்தெடுத்தல்

பரவலாகப் பயன்படும் தரவுகளில் ஒன்றான நாசாவின் ஐமெர்க், 0.1 பாகை கட்டங்களில் அரைமணி நேரத்துக்கு ஒரு மதிப்பைத் தருகிறது. அது மூன்று நிலைகளில் வெளியாகிறது: முதலாவது சுமார் 4 மணி நேரத்திலும், இரண்டாவது சுமார் 14 மணி நேரத்திலும், இறுதியானது சுமார் மூன்றரை மாதங்கள் கழித்தும் கிடைக்கும். நீண்ட காலத் தொடர் தேவைப்படுவோர் 1981 முதல் 0.05 பாகை கட்டங்களில் கிடைக்கும் சிர்ப்ஸ் தரவை நாடுகிறார்கள்.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தரவுக்குள் மழைமானி அளவுகள் ஏற்கெனவே கலந்திருக்கின்றனவா என்பதாகும். ஐமெர்க்கின் இறுதி நிலை, நிலப்பரப்பில் மாத மழைமானித் தொகுப்பைக் கொண்டு திருத்தப்படுகிறது. சிர்ப்ஸும் நிலைய அளவுகளைச் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் ஒப்பிடும் மழைமானியே அந்தத் தொகுப்பில் இடம்பெற்றிருந்தால், மழைமானியை அதனோடே ஒப்பிட்டுவிட்டு நல்ல முடிவு வந்ததாக மகிழ்வீர்கள். அத்தகைய தரவில் மாத மொத்தம் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. ஆனால் ஐமெர்க்கைப் பொறுத்தவரை, மாதத்துக்குள் மழை எந்த நாளில், எந்த நேரத்தில் பெய்தது என்ற பங்கீடு செயற்கைக்கோளிலிருந்தே வருவதால், அதைச் சோதிப்பதில் பொருளுண்டு. மொத்த அளவைச் சோதிக்க வேண்டுமென்றால், அந்தந்த மாதத்தின் மழைமானி அளவுகள் சேராத முதல் இரு நிலைகளையோ, தொகுப்புக்கு அனுப்பப்படாத நிலையங்களையோ பயன்படுத்த வேண்டும். பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஐமெர்க்கின் 6-ஆம் பதிப்பையும் 7-ஆம் பதிப்பையும் ஒரே தொடராக ஒட்டினால், கணிப்பு முறையில் ஏற்பட்ட மாற்றம் காலநிலை மாற்றம்போலத் தோன்றிவிடும்.

மழைமானியை முதலில் ஐயுறுதல்

மழைமானியின் பதிவு உண்மை என்று எடுத்துக்கொள்வது வசதியான வழக்கம். அது முழுக்கச் சரியன்று. காற்று பலமாக வீசும்போது துளிகள் மானியின் வாயைத் தாண்டிப் போய்விடுவதால் அளவு குறைகிறது. மழையில் இந்த இழப்பு பெரும்பாலும் சில சதவீதம்தான். பனிப்பொழிவில் அது பல மடங்கு கூடும். சாயும் சிறு வாளி பொருத்திய தானியங்கி மானிகள், மிகக் கடுமையான மழையில் வாளி சாயும் கணத்தில் விழும் நீரைத் தவறவிடுகின்றன. இலையோ தூசியோ புனலை அடைத்துக்கொண்டால், அண்டை நிலையங்களெல்லாம் நனையும் வேளையில் இந்த நிலையம் மட்டும் பூஜ்யத்தையே பதிவு செய்துகொண்டிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு நிலையத்தின் தொடரையும் வரைபடமாக்கிக் கண்ணால் பாருங்கள். மழைக்காலத்தில் நீளும் பூஜ்யங்கள், விடுமுறைக்குப் பின் ஒரே நாளில் குவிந்த பல நாள் மழை, தசமப் புள்ளி இடம் மாறியதால் பத்து மடங்கான எண் ஆகியவை எந்தச் சூத்திரத்தையும்விடக் கண்ணுக்கே விரைவில் அகப்படும். அருகிலுள்ள நிலையங்களின் கூட்டுத்தொகைக்கு எதிரே ஒரு நிலையத்தின் கூட்டுத்தொகையைத் தொடர்ந்து வரைந்தால் கோடு நேராகச் செல்ல வேண்டும். அது ஓரிடத்தில் முறிந்து சாய்வு மாறினால், அந்தக் காலத்தில் கருவியோ அது இருந்த இடமோ மாறியிருக்கக்கூடும். விடுபட்ட மதிப்புகளைப் பூஜ்யமாக மாற்றவே கூடாது. செயற்கைக்கோள் கோப்புகளில் -9999 போன்ற எண்கள் ‘மதிப்பு இல்லை’ என்பதைக் குறிக்கின்றன. அவற்றையும் கூட்டலுக்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.

நேரத்தைப் பொருத்துதல்

தினசரி ஒப்பீடுகள் கெடுவதற்கு நான் காணும் முதன்மையான காரணம் இதுதான். செயற்கைக்கோள் தரவு உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாளைக் கணக்கிடுகிறது. தரை நிலையமோ பெரும்பாலும் காலையில் ஒரு முறை அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அளந்த நாளின் தேதியில் எழுதுகிறது. ஒரு நிலையம் உலகப் பொது நேரம் 03:00-க்கு அளக்கிறது என்று கொள்வோம். அங்கே 10-ஆம் தேதி என்று எழுதப்பட்ட மழை, 9-ஆம் தேதி 03:00 முதல் 10-ஆம் தேதி 03:00 வரை பெய்தது. அதில் 21 மணி நேரம் முந்தைய நாளுக்கு உரியது. எனவே ஆயத்தமாகக் கிடைக்கும் தினசரிக் கோப்பை விட்டுவிட்டு, அந்தச் சாளரத்துக்குள் வரும் 48 அரைமணி மதிப்புகளை நீங்களே கூட்டுங்கள். ஐமெர்க்கின் அரைமணி மதிப்பு, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வீதத்தில் இருப்பதால் ஒவ்வொன்றையும் 0.5-ஆல் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும். இதை மறந்தால் மழை சரியாக இரு மடங்காகும். ‘செயற்கைக்கோள் மிகையாக மதிப்பிடுகிறது’ என்ற தவறான முடிவும் கைமேல் கிடைக்கும்.

பொருத்தம் சரிதானா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. செயற்கைக்கோள் தொடரை ஒரு நாள் முன்னும் ஒரு நாள் பின்னும் நகர்த்தி, மூன்று நிலைகளிலும் ஒட்டுறவுக் கெழுவைக் (இரு தொடர்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும், 1 வரை உயரும் எண்) கணக்கிடுங்கள். நகர்த்தாத நிலையில்தான் அது உச்சமாக இருக்க வேண்டும். இல்லையேல் தேதியிடும் முறையில் பிசகு இருக்கிறது.

இடத்தைப் பொருத்துதல்

0.1 பாகை என்பது நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 11 கிலோமீட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மானியின் வாயைவிட அத்தகைய ஒரு கட்டம் ஏறத்தாழ 400 கோடி மடங்கு பெரியது. இடிமழையின்போது கட்டத்தின் ஒரு மூலை நனைந்து மறு மூலை வறண்டிருப்பது இயல்பு. ஆகவே ஒற்றை மானியோடு ஒப்பிடும்போது வரும் வேறுபாட்டில், அந்த மானி தன் கட்டத்தின் சராசரியிலிருந்து விலகியிருக்கும் அளவும் கலந்திருக்கிறது.

முடிந்தால் ஒரே கட்டத்துக்குள் பல மானிகள் உள்ள இடங்களைத் தேர்ந்து, அவற்றின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அம்மானிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் கணக்கிட்டால், ஒற்றை மானியோடு ஒப்பிடும்போது எந்தச் செயற்கைக்கோளாலும் தவிர்க்க முடியாத வேறுபாடு எவ்வளவு என்பது தெரியவரும். மானிகளே இல்லாத கட்டங்களை இடைச்செருகல் முறையால் (சுற்றியுள்ள மானிகளின் அளவுகளிலிருந்து மதிப்பிட்டு) நிரப்பிவிட்டு, முழு வரைபடத்தையும் ஒப்பிடும் வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. அங்கே சோதிக்கப்படுவது பாதி இடைச்செருகலின் தரமே. கோப்பிலுள்ள ஆயத்தொலைவு கட்டத்தின் மையத்தைக் குறிக்கிறதா, மூலையைக் குறிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எண்களைக் கணக்கிடுதல்

முதலில் மழை பெய்ததா இல்லையா என்பதைச் சோதிப்போம். நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் போன்ற ஒரு வரம்பை வைத்து நாள்களை நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 நாள்களில் இரண்டும் மழை என்றவை 24, மானி மட்டும் மழை என்றவை 8, செயற்கைக்கோள் மட்டும் மழை என்றவை 12, இரண்டும் வறட்சி என்றவை 56 என்று வைத்துக்கொள்வோம். மானி மழை என்ற நாள்களில் செயற்கைக்கோளும் கண்ட பங்கான கண்டறியும் விகிதம் 24/32, அதாவது 0.75. செயற்கைக்கோள் மழை என்ற நாள்களில் பொய்யானவற்றின் பங்கான பொய் எச்சரிக்கை விகிதம் 12/36, அதாவது 0.33. மூன்று மழை வகைகளையும் சேர்த்துப் பார்க்கும் வெற்றிக் குறியீடு 24/44, அதாவது 0.55. மொத்தம் 80 நாள்கள் சரி என்று சொல்வது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் எப்போதும் ‘மழையில்லை’ என்று சொல்லும் முறைகூட இங்கே 68 நாள்கள் சரியாக இருந்திருக்கும்.

அடுத்து, எவ்வளவு பெய்தது என்பது. ஒருபக்கப் பிழை (மொத்தத்தில் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது), சராசரித் தனிப்பிழை (கூடுதல், குறைவு என்ற குறியைப் பாராமல் எடுத்த பிழைகளின் சராசரி), வர்க்கப் பிழைச் சராசரியின் வர்க்கமூலம், ஒட்டுறவுக் கெழு ஆகியவற்றைச் சேர்த்தே தர வேண்டும். வர்க்கமூல அளவை ஓரிரு பெருமழை நாள்களே தீர்மானித்துவிடும். ஒட்டுறவோ, மதிப்பீடு சீராகப் பாதியாகக் குறைந்திருந்தாலும் 1 என்றே காட்டும்.

ஒருபக்கப் பிழையை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதே என் அனுபவத்தில் மிகவும் பயன் தரும் வேலை. மேலே சொன்ன நாள்களில் மானியின் மொத்தம் 340, செயற்கைக்கோளின் மொத்தம் 330 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். பிழை 3 சதவீதம்தான். ஆனால் இரண்டும் மழை என்ற நாள்களில் 300-க்கு 260 என 40 குறைந்திருக்கலாம். தவறவிட்ட நாள்களில் இன்னொரு 40 போயிருக்கலாம். பெய்யாத நாள்களில் 70 கூடியிருக்கலாம். ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்ட இம்மூன்றுக்கும் காரணங்கள் வேறுவேறு. மலைச்சரிவில் தாழ்ந்த, வெதுவெதுப்பான மேகங்கள் தரும் மழை பனித்துகள் சிதறலைக் காட்டாததால் தவறிவிடுகிறது. மழை தராத உயரமான, குளிர்ந்த மேகம் அகச்சிவப்பில் மழையாகத் தோன்றுகிறது. வறண்ட காற்றில் துளிகள் தரையை எட்டும் முன்பே ஆவியாகிவிடுகின்றன. ஆகவே மொத்தத்தை ஒரே எண்ணால் பெருக்கித் திருத்த முயல்வது, இல்லாத மழையையும் சேர்த்தே பெருக்கிவிடும்.

இதே கணக்குகளைப் பருவவாரியாகவும், உயரவாரியாகவும், மழைச்செறிவுவாரியாகவும் திரும்பச் செய்யுங்கள். மாதக் கூட்டுத்தொகையில் தற்செயல் பிழைகள் கரைந்து ஒட்டுறவு உயர்வதால், அங்கே கிடைத்த நல்ல எண்ணைக் காட்டி, மணிவாரி வெள்ள எச்சரிக்கைக்கு அத்தரவு ஏற்றது என்று சொல்ல இயலாது. வறட்சிக் கண்காணிப்புக்கு ஒருபக்கப் பிழை முக்கியம். வெள்ளத்துக்குப் பெருமழை நாள்களைத் தவறவிடும் அளவே முக்கியம். முடிவை வெளியிடும்போது தரவின் பெயர், நிலை, பதிப்பு, நாளின் தொடக்க நேரம், மழை வரம்பு, ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த மானிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். பெருமழை நாள்கள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், நாள்களைத் தொகுதி தொகுதியாகத் தற்செயலாகத் திரும்பத் திரும்பத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் கணக்கிட்டு, ஒவ்வோர் எண்ணும் எந்த எல்லைக்குள் மாறக்கூடும் என்பதையும் அதனருகிலேயே குறிப்பிடுங்கள்.