கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு, சல்பர் டை ஆக்சைடு வளைவு: மூலக்கூறின் வடிவத்தையும் முனைவையும் கண்டுபிடிப்பது எப்படி?

கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு இரண்டிலும் நடுவில் ஓர் அணு, அதனோடு இரண்டு ஆக்சிஜன். பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறனே எலக்ட்ரான் கவர்தன்மை; அதிலும் கார்பனும் சல்பரும் ஏறத்தாழ ஒன்றுதான்: பாலிங் அளவில் 2.55, 2.58. ஆனால் மூலக்கூறின் முனைவை, அதாவது ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் என மின்சுமை பிரிந்து நிற்பதை, அளக்கும் இருமுனைத் திருப்புத்திறன் (அலகு டிபை) முதல் மூலக்கூறுக்குப் பூஜ்ஜியம், இரண்டாவதற்கோ 1.63 டிபை. இந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்று தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், பெரும்பாலான சிறிய மூலக்கூறுகளை அதே வழியில் தீர்த்துவிடலாம். பென்சில், பாகைமானி, தனிம வரிசை அட்டவணை, எலக்ட்ரான் கவர்தன்மை அட்டவணை ஆகியவை போதும்.

படி 1: இணைதிறன் எலக்ட்ரான்களைக் கூட்டுங்கள்

வெளிக்கூட்டில் உள்ளவை மட்டுமே கணக்கு. கார்பனுக்கு 4, ஆக்சிஜனுக்கு 6, சல்பருக்கு 6.

கார்பன் டை ஆக்சைடு: 4 + 6 + 6 = 16
சல்பர் டை ஆக்சைடு: 6 + 6 + 6 = 18

சல்பரின் அணு எண் 16 என்பதால் 16 எலக்ட்ரான்களையும் சேர்த்துவிடுவது தொடக்கத்தில் பலர் செய்யும் பிழை. அயனியாக இருந்தால் ஒவ்வோர் எதிர்மின்சுமைக்கும் ஒன்று கூட்டுங்கள், நேர்மின்சுமைக்கு ஒன்று கழியுங்கள். இந்தக் கூட்டுத்தொகையைத் தாளின் மூலையில் எழுதி வட்டமிட்டு வையுங்கள், சரிபார்க்கத் தேவைப்படும்.

படி 2: லூயிஸ் அமைப்பு

அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளையும் மீதமுள்ள இணைதிறன் எலக்ட்ரான்களையும் காட்டும் படம்தான் லூயிஸ் அமைப்பு. எலக்ட்ரான் கவர்தன்மை குறைந்த அணு பொதுவாக நடுவில் வரும். ஹைட்ரஜன் ஒருபோதும் நடுவில் வராது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் ஒற்றைப் பிணைப்பாகப் போடுங்கள். இரண்டு பிணைப்புக்கு 4 எலக்ட்ரான்கள் செலவு. கார்பன் டை ஆக்சைடில் மீதி 12, சல்பர் டை ஆக்சைடில் மீதி 14. அடுத்து வெளி அணுக்களை நிரப்புங்கள்: ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் மூன்று எலக்ட்ரான் இரட்டைகள், ஆக 12.

கார்பன் டை ஆக்சைடில் இப்போது எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் கார்பனைச் சுற்றி 8 எலக்ட்ரான்கள் வர வேண்டும், 4தான் இருக்கின்றன. எனவே இரண்டு ஆக்சிஜனிலிருந்தும் ஒவ்வோர் இரட்டையைப் பிணைப்புக்குள் நகர்த்துங்கள். கிடைப்பது: ஆக்சிஜன் = கார்பன் = ஆக்சிஜன்.

சல்பர் டை ஆக்சைடில் இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன. அவை சல்பர் மீது தனித்த இரட்டையாக, அதாவது பிணைப்பில் சேராத இரட்டையாக, உட்காரும். பிறகும் சல்பருக்கு 6 எலக்ட்ரான்கள்தான். ஓர் ஆக்சிஜனிலிருந்து ஓர் இரட்டையை நகர்த்தினால் 8 ஆகிவிடும். ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு, மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பு.

எந்த ஆக்சிஜனிலிருந்து நகர்த்துவது? எதிலிருந்தும் நகர்த்தலாம். இரண்டு அமைப்புகளும் கலந்த நிலைதான், அதாவது உடனிசைவுதான், உண்மையான மூலக்கூறு. அதனால்தான் அளந்து பார்த்தால் இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம், சுமார் 143 பிக்கோமீட்டர்.

சில புத்தகங்கள் சல்பர் டை ஆக்சைடை இரண்டு இரட்டைப் பிணைப்புகளோடு, சல்பரைச் சுற்றி 10 எலக்ட்ரான்கள் வைத்து வரைகின்றன. எது சரி என்ற விவாதத்தில் இந்த இடத்தில் நிற்க வேண்டாம். எப்படி வரைந்தாலும் சல்பர் மீது ஒரு தனித்த இரட்டை இருக்கிறது. வடிவத்துக்கு அதுதான் முக்கியம்.

இப்போது மூலையில் வட்டமிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். சல்பர் டை ஆக்சைடில் பிணைப்புகளில் 6, ஓர் ஆக்சிஜனில் 4, மற்றதில் 6, சல்பரில் 2, ஆக 18. எண் பொருந்தாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: மைய அணுவைச் சுற்றி எத்தனை தொகுதிகள்?

ஒரே திசையில் இருக்கும் எலக்ட்ரான்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு தொகுதி. ஒற்றைப் பிணைப்பு ஒன்று, இரட்டைப் பிணைப்பும் ஒன்றுதான், முப்பிணைப்பும் ஒன்றுதான், தனித்த இரட்டையும் ஒன்று. வெளி அணுக்களின் தனித்த இரட்டைகளை இங்கே தொடவே கூடாது.

இந்தத் தொகுதிகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்த அளவு தள்ளி நிற்கும். பலூன்களை ஊதி, வாய்ப்பகுதிகளை இறுக்கமாகச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள்: இரண்டு நேர்கோடாகவும், மூன்று தட்டையான முக்கோணமாகவும், நான்கு நான்முகியாகவும் தாமே ஒதுங்கிக்கொள்ளும். கோணங்கள் முறையே 180, 120, 109.5 டிகிரி.

கார்பனைச் சுற்றி 2 தொகுதிகள், ஆகவே 180 டிகிரி நேர்கோடு. சல்பரைச் சுற்றி 3 தொகுதிகள், ஆகவே முக்கோண அமைப்பு; ஆனால் அதன் ஒரு மூலையில் அணு இல்லை, தனித்த இரட்டை இருக்கிறது. வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். எனவே இது வளைந்த வடிவம், கோணம் சுமார் 119 டிகிரி.

தனித்த இரட்டை பிணைப்பு இரட்டையைவிட அதிக இடம் பிடிக்கும். நான்கு தொகுதிகள் உள்ள மூலக்கூறுகளில் இது தெளிவாகத் தெரியும்: மீத்தேனில் 109.5, ஒரு தனித்த இரட்டை உள்ள அம்மோனியாவில் சுமார் 107, இரண்டு உள்ள நீரில் 104.5.

படி 4: பிணைப்பின் முனைவு

கவர்தன்மைகளைக் கழியுங்கள். ஆக்சிஜனுக்கு 3.44. கார்பனோடு வேறுபாடு 0.89, சல்பரோடு 0.86. இரண்டுமே முனைவுள்ள சகப்பிணைப்புகள். 1.7க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு என்ற எல்லைக்கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த வேண்டாம். ஹைட்ரஜன் புளூரைடில் வேறுபாடு 1.78, ஆனாலும் அது சகப்பிணைப்பு மூலக்கூறுதான்.

படி 5: அம்புகளைக் கூட்டுங்கள்

ஒவ்வொரு பிணைப்பிலும் கவர்தன்மை கூடிய அணுவை நோக்கி ஓர் அம்பு போடுங்கள். கார்பன் டை ஆக்சைடில் இரண்டு அம்புகளும் நேரெதிர்த் திசையில் ஒரே அளவில் இழுக்கின்றன. கூட்டினால் பூஜ்ஜியம்.

சல்பர் டை ஆக்சைடுக்குப் பாகைமானியை எடுங்கள். 119 டிகிரி கோணத்தில் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அம்புகளை வரைந்து, இணைகரத்தை நிறைவு செய்து மூலைவிட்டத்தை அளந்தால் சுமார் 5.1 சென்டிமீட்டர் வரும். அம்புகள் அழிந்துபோகவில்லை. ஆக்சிஜன்கள் இருக்கும் பக்கம் எதிர்மின் முனை, சல்பர் பக்கம் நேர்மின் முனை. படி 1இல் கூடுதலாக வந்த அந்த இரண்டு எலக்ட்ரான்கள்தான் மூலக்கூறை வளைத்து, இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

இந்தப் படியில் மிக அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது தாளின் தட்டைத்தன்மை. டைகுளோரோமீத்தேனைச் சிலுவைபோல வரைந்து, இரண்டு குளோரின்களையும் எதிரெதிரே வைத்துவிட்டு, முனைவு இல்லை என்று எழுதிவிடுவார்கள். நான்முகியில் எதிரெதிர் மூலைகளே கிடையாது. எந்த இரண்டு மூலைக்கும் இடையே ஒரே தொலைவுதான். டைகுளோரோமீத்தேனின் உண்மையான இருமுனைத் திருப்புத்திறன் 1.60 டிபை.

தனித்த இரட்டை இருந்தாலே முனைவு உண்டு என்பதும் தவறு. செனான் டைபுளூரைடில் செனான் மீது மூன்று தனித்த இரட்டைகள் உள்ளன. அவை சமச்சீராகச் சுற்றி நிற்பதால் மூலக்கூறு நேர்கோடாகி முனைவற்றுப் போகிறது.

தனித்த இரட்டைக்கும் ஓர் அம்பு உண்டு

அம்மோனியாவையும் நைட்ரஜன் டிரைபுளூரைடையும் எடுங்கள். இரண்டும் முக்கோணப் பிரமிடு. பிணைப்புகளின் கவர்தன்மை வேறுபாடு 0.84, 0.94. புளூரின் உள்ளதே அதிக முனைவுள்ளது என்று தோன்றும். அளந்த மதிப்புகளோ அம்மோனியாவுக்கு 1.47 டிபை, நைட்ரஜன் டிரைபுளூரைடுக்கு 0.23 டிபை.

காரணம் திசை. அம்மோனியாவில் அம்புகள் ஹைட்ரஜனிலிருந்து நைட்ரஜனை நோக்கிப் போகின்றன. தனித்த இரட்டையின் அம்பும் அதே பக்கம். எல்லாம் சேர்ந்து பெருகுகின்றன. புளூரைடில் பிணைப்பு அம்புகள் புளூரினை நோக்கிக் கீழே இழுக்க, தனித்த இரட்டை மேலே இழுக்கிறது. பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

போரான் டிரைபுளூரைடு: மொத்தம் 24 எலக்ட்ரான்கள். போரானைச் சுற்றி 6தான் வரும், அப்படியே விடுங்கள். மூன்று தொகுதிகள், தட்டையான முக்கோணம், முனைவு இல்லை.

கார்பனைல் சல்பைடு, அதாவது கார்பனின் ஒருபுறம் ஆக்சிஜன், மறுபுறம் சல்பர்: மொத்தம் 16 எலக்ட்ரான்கள், கார்பன் டை ஆக்சைடைப் போலவே நேர்கோடு. ஆனால் உங்கள் விடை "முனைவு உண்டு" என்று வர வேண்டும். பூஜ்ஜியம் என்று வந்திருந்தால், நேர்கோடு என்று தெரிந்ததுமே அம்புகளை அளக்காமல் விட்டிருப்பீர்கள். ஆக்சிஜன் பக்கம் வேறுபாடு 0.89, சல்பர் பக்கம் வெறும் 0.03, இவை எப்படி ஒன்றையொன்று அழிக்கும்?